ஒரு சிறு கோப்பு காணாமற்போனால்

சனிக்கிழமை இரவு மணி ஒன்பது. ஜொகூர் பாருவின் புறநகரில் ஒரு வீடு. படிவம் நான்கு மாணவி ஒருத்தி மடிக்கணினியின் முன் கலங்கிப்போய் அமர்ந்திருந்தாள். தமிழ்மொழிப் பாடத்திற்கான திட்டப்பணியைத் திங்கட்கிழமை காலையில் ஒப்படைக்க வேண்டும். ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்கள் நால்வரை அவளும் தோழியர் மூவரும் நேர்காணல் செய்து படம்பிடித்திருந்தனர். அவற்றை வெட்டி, ஒட்டி, ஒரே காணொலியாக்கும் பொறுப்பு அவளுடையது. அன்று காலைவரை நன்றாக இயங்கிய காணொலித் தொகுப்பு மென்பொருள் இப்போது திறக்க மறுத்தது. திரையில் ஆங்கிலத்தில் ஒரு சிறு பெட்டி மட்டும் தோன்றியது.

"எம்.எஸ்.வி.சி.பி.140.டி.எல்.எல். என்னும் கோப்பு காணப்படவில்லை. ஆகையால் தொடர்ந்து இயங்க முடியாது. நிரலை மீண்டும் நிறுவினால் இச்சிக்கல் தீரலாம்" என்பதே அச்செய்தியின் பொருள்.

"அண்ணா, இங்கே வந்து பாருங்களேன்! காலையில் ஓடியது இப்போது ஓடவில்லை" என்று அவள் அழைத்தாள்.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இதற்கா இவ்வளவு கவலை? கோப்பின் பெயரை இணையத்தில் தேடு. யாராவது கொடுத்திருப்பார்கள். பதிவிறக்கிப் போட்டால் முடிந்தது" என்றான். தேடியபோது உண்மையாகவே பல தளங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் பெரிய பச்சைப் பொத்தான் ஒன்று மின்னியது.

அவள் விரலை அதன்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். மென்பொருளை உருவாக்கியவர்களுக்கே உரிய கோப்பை, முன்பின் தெரியாத ஒருவர் ஏன் இலவசமாகத் தர வேண்டும்? அந்த ஐயம் எழுந்ததும், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணினித்துறையில் பயிலும் பெரியப்பா மகளுக்கு அழைத்தாள்.

"பொத்தானை அழுத்தாதே, தங்கச்சி. முதலில் அந்தக் கோப்பு யாருடையது என்று தெரிந்துகொள்" என்றாள் அக்கா.

கோயில் அண்டாவும் கணினிக் கோப்பும்

அக்கா கேட்கச் சொன்ன கேள்வியைப் புரிந்துகொள்ள, இத்தகைய கோப்பு எதற்காக இருக்கிறது என்பதை அறிய வேண்டும். அதை விளக்க அவர்கள் வீட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. மாணவியின் அப்பா, அவர்கள் வட்டாரத்துக் கோயிலின் பாத்திர அறைச் சாவியை வைத்திருப்பவர்.

அக்கோயிலில் பெரிய அண்டாக்களும் கரண்டிகளும் குத்துவிளக்குகளும் உள்ளன. திருமணம், காதணி விழா, அன்னதானம் என எது நடந்தாலும் மக்கள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்வர். ஒவ்வொரு குடும்பமும் ஐந்நூறு பேருக்குச் சோறாக்கும் அண்டாவை விலைகொடுத்து வாங்கி வைத்திருப்பதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. வைக்க இடமும் இல்லை. பொதுவாக ஒன்று இருந்தால் போதும்.

கணினியிலும் இதுவே நிகழ்கிறது. ஒரு கோப்பைத் திறப்பது, கணக்கிடுவது, எழுத்தைத் திரையில் வரைவது, ஒலியை எழுப்புவது போன்ற வேலைகள் ஏறத்தாழ எல்லா மென்பொருள்களுக்கும் தேவைப்படுகின்றன. ஒவ்வொரு நிரலாளரும் அவற்றைத் தொடக்கத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒருமுறை எழுதி, தனிக் கோப்பாக வைத்துவிட்டால், பல நிரல்கள் அதை அழைத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். இவ்வாறு பலவற்றுக்கும் பொதுவாக அமைந்த நிரல்தொகுப்பே பகிர்வு நிரலகம் எனப்படுகிறது. விண்டோஸ் இயங்குதளத்தில் இக்கோப்புகளின் பெயர் பெரும்பாலும் 'டி.எல்.எல்.' என்று முடியும். லினக்ஸில் 'எஸ்.ஓ.' என்றும், மேக் கணினியில் 'டைலிப்' என்றும் முடியும். பெயர் வேறாயினும் பணி ஒன்றே.

இந்த எண்ணம் புதிதன்று. நிரல் இயங்கும் நேரத்தில் தேவையான பகுதியைத் தேடி இணைத்துக்கொள்ளும் முறை, 1960களில் உருவான மல்டிக்ஸ் என்னும் இயங்குதளத்திலேயே இருந்தது. 1985ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த முதல் விண்டோஸ், வெறும் 256 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினியிலும் இயங்க வேண்டியிருந்தது. இன்று திறன்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம்கூட அதைவிடப் பன்மடங்கு பெரியது. அவ்வளவு குறுகிய இடத்தில் ஒரே வேலைக்கான நிரலைப் பத்து இடங்களில் வைப்பது இயலாது. பகிர்தல் அன்று சிக்கனத்திற்காகக் கையாளப்பட்டது. இன்று நினைவகம் பெருகிவிட்டாலும், பகிர்தலின் பயன் குறையவில்லை. நிரலகத்தில் ஒரு பிழை இருந்தால் அந்த ஒரு கோப்பைத் திருத்தினாலே போதும். அதை நம்பியுள்ள எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் திருந்திவிடும்.

கணினி தேடும் முறை

ஒரு மென்பொருளைத் திறக்கச் சுட்டியை அழுத்தியவுடன், இயங்குதளம் முதலில் அதன் தேவைப் பட்டியலைப் படிக்கிறது. எந்தெந்த நிரலகங்கள் வேண்டும் என்பது அப்பட்டியலில் பெயர் பெயராகக் குறிக்கப்பட்டிருக்கும். பிறகு இயங்குதளம் அவற்றை ஒழுங்குமுறையாகத் தேடுகிறது. விண்டோஸில் பொதுவாக மென்பொருள் இருக்கும் கோப்புறையில் முதலில் பார்க்கும். அங்கில்லையெனில் இயங்குதளத்தின் சொந்தக் கோப்புறைகளில் பார்க்கும். அதன்பின் தேடுவதற்கென்று குறித்துவைக்கப்பட்ட மற்ற கோப்புறைகளில் பார்க்கும்.

எங்கும் கிடைக்கவில்லையென்றால் இயங்குதளம் ஊகம் செய்வதில்லை. மென்பொருளைத் தொடங்காமலே நிறுத்திவிட்டு, கிடைக்காத கோப்பின் பெயரைத் திரையில் காட்டுகிறது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. ஆயிரக்கணக்கான கோப்புகள் சரியாக இருந்தும், ஒரேயொரு கோப்பு இல்லாததால் முழு மென்பொருளும் அசையாமல் நிற்கிறது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிழைச்செய்தி என்ன இல்லை என்பதைச் சொல்கிறது. ஏன் இல்லை என்பதைச் சொல்வதில்லை. அந்த ஏனைத் தேடும் பொறுப்பு கணினியைப் பயன்படுத்துபவரைச் சார்ந்தது.

கோளாறு நேரும் வழிகள்

கோயில் பாத்திர அறையில் நேரக்கூடிய குறைகளை அப்பா அறிவார். அவை ஒவ்வொன்றும் கணினியிலும் நேர்கின்றன.

முதலாவது, பொருள் காணாமற்போவது. ஒரு குடும்பம் விழா முடிந்து தம் பாத்திரங்களைக் கட்டும்போது, கோயில் அண்டாவையும் தம்முடையதென எண்ணி எடுத்துச் சென்றுவிடலாம். அதுபோல், ஒரு மென்பொருளை நீக்கும்போது, பிறவற்றுக்கும் தேவையான நிரலகம் அதனோடு நீங்கிவிடலாம். சில வேளைகளில் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் ஒரு நல்ல கோப்பை ஐயுற்றுத் தனிமைப்படுத்திவிடுவதும் உண்டு.

இரண்டாவது, பொருள் பழுதாவது. அண்டா இருக்கிறது, ஆனால் அடியில் ஓட்டை. கோப்பு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டாலோ, வன்தட்டில் ஒரு பகுதி கெட்டுப்போனாலோ, கோப்பின் பெயர் அப்படியே இருக்க உள்ளடக்கம் சிதைந்துவிடும்.

மூன்றாவது, பொருள் மாறிப்போவது. ஐம்பது பேருக்கு விருந்து வைத்த ஒருவர் பெரிய அண்டாவை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் சிறிய அண்டாவை வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருபவர் ஐந்நூறு பேருக்கு எப்படிச் சமைப்பார்? 1990களில் விண்டோஸ் கணினிகளில் இக்குறை மிகுந்திருந்தது. புதிதாக நிறுவப்படும் மென்பொருள், பொதுக் கோப்புறையில் இருந்த நிரலகத்தின்மேல் தான் கொண்டுவந்த பழைய பதிப்பை எழுதிவிடும். புதியது ஓடும், நேற்றுவரை ஓடியது நின்றுவிடும். இதனால் அலுத்துப்போன நிரலாளர்கள் அந்நிலைக்கு 'டி.எல்.எல். நரகம்' என்றே பெயரிட்டனர்.

நான்காவது, பொருத்தமின்மை. 64 பிட் மென்பொருளுக்கு 64 பிட் நிரலகமே வேண்டும். 32 பிட் மென்பொருளுக்கு 32 பிட் நிரலகமே வேண்டும். இரண்டும் ஒரே பெயரைத் தாங்கியிருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் மென்பொருள் திறக்காது. இதிலொரு வேடிக்கையும் உண்டு. 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்னும் கோப்புறையில்தான் 64 பிட் கோப்புகள் இருக்கின்றன! பழைய மென்பொருள்கள் குழம்பிவிடக் கூடாது என்பதற்காக அக்கோப்புறையின் பெயர் மாற்றப்படவில்லை. பெயரைக் கொண்டே பொருளை முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இக்குறைகளைக் களைய இயங்குதளத்தை உருவாக்கியவர்களும் முயன்றனர். விண்டோஸ் 98இல் இயங்குதளக் கோப்புகளைச் சரிபார்க்கும் கருவி சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 2000இல் முக்கியக் கோப்புகளை வேறு மென்பொருள்கள் மாற்றிவிட்டால், இயங்குதளமே பழையபடி மீட்டுவைக்கும் காவல்முறை வந்தது. பின்னர், ஒரே நிரலகத்தின் பல பதிப்புகளை அருகருகே வைத்து, ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதற்குரியதைக் கொடுக்கும் முறையும் வளர்ந்தது. பாத்திர அறையில் அண்டாக்களுக்கு எண்ணிட்டுப் பதிவேடு வைத்ததுபோல் நிலைமை சீரடைந்தது. ஆயினும், கோளாறு முற்றாக ஒழிந்துவிடவில்லை.

தமிழ் எழுத்தைத் தாங்கும் கோப்பு

பகிர்வு நிரலகம் என்பது நிரலாளர்கள் மட்டும் கவலைப்பட வேண்டிய ஒன்று எனத் தோன்றலாம். ஆனால், கணினித் திரையில் 'ஜொகூர்' என்று ஒரு சொல் தோன்றுவதற்கே ஒரு நிரலகத்தின் உதவி வேண்டும்.

'ஜொகூர்' என்பது தாளில் மூன்று எழுத்து. கணினியின் நினைவகத்தில் அது ஒருங்குறி முறைப்படி ஆறு குறிகளாக வைக்கப்படுகிறது. 'ஜ' ஒன்று, ஒகரக் குறி ஒன்று, 'க' ஒன்று, ஊகாரக் குறி ஒன்று, 'ர' ஒன்று, புள்ளி ஒன்று. இவை ஒலிக்கும் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. அதாவது, முதலில் மெய்க்குரிய குறி. பிறகு உயிருக்குரிய குறி.

ஆனால், தமிழ் எழுதும் கை அந்த வரிசையில் செல்வதில்லை. 'ஜொ' என்று எழுத முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு 'ஜ', அதன்பின் கால். நினைவகத்தில் ஒன்றாக இருக்கும் ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை எழுத்துக்கு முன்னும் மறுபாதியைப் பின்னும் வைக்க வேண்டும். 'க'வும் ஊகாரக் குறியும் இணைந்து 'கூ' என்னும் தனி வடிவமாக வேண்டும். புள்ளி 'ர'வின் தலைமேல் ஏற வேண்டும். இவ்வளவையும் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் செய்வது எழுத்துருவாக்க நிரலகம்.

விண்டோஸில் இப்பணியைச் செய்ய யூனிஸ்கிரைப் என்னும் நிரலகம் உருவாக்கப்பட்டது. அதன் கோப்புப் பெயர் 'யு.எஸ்.பி.10' என்று தொடங்கும். விரலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒருங்குறி எழுத்துகளைக் கையாளும் கருவி என்பதன் ஆங்கிலச் சுருக்கமே அது. விண்டோஸ் 2000 இயங்குதளத்தில் இந்நிரலகமும் 'லதா' என்னும் தமிழ் எழுத்துருவும் சேர்ந்தே வந்தன. ஆண்டிராய்டு திறன்பேசிகளிலும் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளிலும் ஹார்ஃப்பஸ் என்னும் திறந்தமூல நிரலகம் இதே வேலையைச் செய்கிறது.

நிரலகம் துணைபுரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை அக்காலத் தமிழர்கள் கண்ணாரக் கண்டனர். விண்டோஸ் எக்ஸ்.பி. வந்த புதிதில், தமிழ் போன்ற மொழிகளுக்கான துணைக்கோப்புகளைத் தனியே தேர்ந்தெடுத்து, இயங்குதளத்தின் குறுவட்டைச் செருகி நிறுவ வேண்டியிருந்தது. அதைச் செய்யாத கணினியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கால் தனியே கிடக்கும். தாங்கும் எழுத்தில்லாத குறிகளின் அருகே புள்ளிகளாலான வட்டம் தோன்றும். பலர் எழுத்துருவில்தான் பிழை என்று எண்ணினர். சிலர் கட்டுரை எழுதியவரையே குறைகூறினர். உண்மையில் எழுதியவர் சரியாகவே எழுதியிருந்தார். படிப்பவரின் கணினியில்தான் துணைக்கோப்பு இல்லை.

ஒரு நிரலகத்தில் பிழை நேர்ந்தால் அது எத்தனை பேரைத் தொடும் என்பதற்கு 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிகழ்ந்தது நல்ல சான்று. தமிழுக்கு அண்டை மொழியாகிய தெலுங்கின் 'ஜ்ஞா' என்னும் கூட்டெழுத்து, குறிப்பிட்ட ஒரு குறிவரிசையில் வந்தபோது, ஐபோனின் எழுத்து வரையும் நிரலகத்தால் அதைக் கையாள இயலவில்லை. அவ்வெழுத்து அடங்கிய செய்தி வந்தவுடன் குறுஞ்செய்திச் செயலி நின்றது. வாட்ஸ்அப் நின்றது. மின்னஞ்சல் செயலியும் நின்றது. வெவ்வேறு நிறுவனங்கள் உருவாக்கிய செயலிகள் ஒரே எழுத்தின் முன் தடுக்கி விழுந்ததற்குக் காரணம், அவை அனைத்தும் ஒரே நிரலகத்தை நம்பியிருந்ததுதான். அம்மாதம் 19ஆம் நாள் ஆப்பிள் நிறுவனம் புதுப்பிப்பு ஒன்றை வெளியிட்டது. நிரலகம் திருந்தியது, எல்லாச் செயலிகளும் ஒருசேரத் திருந்தின. பகிர்தலின் அபாயமும் பகிர்தலின் பயனும் ஒரே நிகழ்வில் வெளிப்பட்டன.

அறியாதவர் தரும் கோப்பு

மாணவியின் திரையில் மின்னிய பச்சைப் பொத்தானுக்கு வருவோர் பலர். பணி முடங்கிய பதற்றத்தில் எது கிடைத்தாலும் போதும் என்று மனம் ஏங்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த நேரத்தையே தீயவர்கள் எதிர்பார்த்திருக்கின்றனர்.

நிரலகக் கோப்பு என்பது படமோ பாடலோ அன்று. அது இயங்கும் நிரல். மென்பொருள் அதை அழைத்தவுடன், அம்மென்பொருளுக்கு இருக்கும் அதே உரிமைகளோடு அதுவும் இயங்கத் தொடங்கும். அதற்குள் நச்சுநிரல் ஒளிந்திருந்தால், கடவுச்சொல்லைத் திருடலாம். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கலாம். நச்சு இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், அது எந்தப் பதிப்பு, எத்தனை பிட், எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதற்கு உறுதியில்லை. காணாமற்போன அண்டாவுக்காகக் கோயில் நிர்வாகத்தைக் கேட்காமல், சாலையில் நிற்கும் யாரோ ஒருவரிடம் பாத்திரம் வாங்கி ஐந்நூறு பேருக்குச் சமைப்பதற்கு ஒப்பான செயல் அது.

வல்லுநர்களின் வட்டத்திலேயே இந்த ஆபத்து ஒருமுறை நுழைந்துவிட்டது. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்.இசட்.' என்னும் தொகுப்பின் நிரலகத்தில், ஈராண்டுக்கும் மேலாக உதவியாளராக நடித்து நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். 2024ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று அவர் ஐயுற்றதுதான் தொடக்கம். அரை நொடிதானே என்று அவர் விட்டுவிடவில்லை. துருவித் துருவி ஆராய்ந்து, உண்மையை உலகுக்கு அறிவித்தார். கள்ளவழி கொண்ட பதிப்புகள் பரவலாகப் பயன்படும் நிலையான வெளியீடுகளைச் சென்றடையும் முன்பே நிறுத்தப்பட்டன.

இச்செய்தி ஜொகூருக்கும் தொலைவானதன்று. கூலாய் மாவட்டத்தின் செடெனாக்கிலும் இஸ்கந்தர் புத்ரியிலும் மாபெரும் தரவு மையங்கள் எழுந்துள்ளன. செம்பனை வளர்ந்த மண்ணருகே இன்று கணினி வழங்கிகள் வரிசை வரிசையாக இரவு பகலாக இயங்குகின்றன. அத்தகைய வழங்கிகளில் பெரும்பங்கு லினக்ஸ் இயங்குதளத்தையும் அதன் பகிர்வு நிரலகங்களையும் நம்பியே உலகெங்கும் இயங்குகின்றன. ஒரு வீட்டு மடிக்கணினிக்குப் பொருந்தும் எச்சரிக்கை அவற்றுக்கும் பொருந்தும்.

கோப்பு யாருடையது?

அக்கா கேட்கச் சொன்ன கேள்விக்கு மூன்று விடைகள் இருக்கக்கூடும். விடைக்கேற்ப வழியும் மாறும்.

கோப்பு அம்மென்பொருளுக்கே உரியதாக இருக்கலாம். அப்படியானால் மென்பொருளை நீக்கிவிட்டு, அதை உருவாக்கிய நிறுவனத்தின் தளத்திலிருந்து பெற்று மீண்டும் நிறுவ வேண்டும்.

கோப்பு பல மென்பொருள்களுக்கு உதவும் துணைத் தொகுப்பு ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கலாம். அப்படியானால் அத்தொகுப்பை வெளியிட்டவரிடமே சென்று, தொகுப்பு முழுவதையும் பெற்று நிறுவ வேண்டும். ஒரேயொரு கோப்பைத் தனியே எடுத்து வைப்பது தவறு.

கோப்பு இயங்குதளத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். அப்படியானால் இயங்குதளத்தைப் புதுப்பிக்க வேண்டும். விண்டோஸில் 'டி.ஐ.எஸ்.எம்.', 'எஸ்.எஃப்.சி.' என்னும் இரு கருவிகள் உள்ளன. முன்னது பழுதுபார்க்கத் தேவையான மூலக் கோப்புகளைச் சீராக்கும். பின்னது ஒவ்வோர் இயங்குதளக் கோப்பையும் சோதித்து, சிதைந்ததை நல்ல படியால் மாற்றும். இவற்றை நிர்வாகி உரிமையுடன் இயக்க வேண்டியிருப்பதால், அனுபவமுள்ள பெரியவர் ஒருவரின் துணையோடு செய்வது நன்று. திரும்பத் திரும்பக் கோப்புகள் சிதைந்தால் வன்தட்டே பழுதாகிக்கொண்டிருக்கலாம். அப்போது வேறு எதையும் செய்வதற்கு முன்பு, முக்கியமான கோப்புகளைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காவின் வழிகாட்டலில் மாணவி கோப்பின் பெயரைப் பிரித்துப் படித்தாள். 'எம்.எஸ்.' மைக்ரோசாஃப்ட்டைக் குறித்தது. 'வி.சி.பி.' என்பது விசுவல் சி பிளஸ் பிளஸ் என்னும் நிரலாக்கக் கருவியைச் சுட்டியது. '140' என்பது 14.0 பதிப்பு. ஆக, அது காணொலி மென்பொருளுக்கு உரியதன்று; மைக்ரோசாஃப்ட் வெளியிடும் துணைத் தொகுப்பைச் சேர்ந்தது.

"அண்ணா, இன்று மதியம் இந்தக் கணினியில் எதையாவது நீக்கினீர்களா?" என்று கேட்டாள்.

அண்ணன் தலையைச் சொறிந்தான். "விளையாட்டு ஒன்றை ஏற்ற இடம் போதவில்லை. பட்டியலில் விசுவல் சி என்று ஒரே மாதிரிப் பெயரில் ஏழெட்டு இருந்தன. ஒன்று போதாதா என்று மற்றவற்றை நீக்கிவிட்டேன்" என்றான்.

கூடத்தில் அமர்ந்திருந்த அப்பா சிரித்துவிட்டார். "போன வருடம் கோயிலிலும் இதே கதைதான். ஒரே மாதிரி அண்டா நான்கு எதற்கு என்று ஒருவர் இரண்டை விற்றுவிடச் சொன்னார். ஒன்று சோற்றுக்கு, ஒன்று சாம்பாருக்கு, ஒன்று பாயசத்துக்கு, ஒன்று தண்ணீருக்கு என்று சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தால் பயனும் ஒன்றாகிவிடுமா, தம்பி?" என்றார்.

திங்கட்கிழமை காலை

மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து அத்தொகுப்பைப் பதிவிறக்கி நிறுவச் சில நிமிடங்களே ஆயின. கணினியை மூடித் திறந்தனர். காணொலி மென்பொருள் எந்த மறுப்புமின்றி விரிந்தது. நால்வரின் நேர்காணலும் அப்படியே இருந்தன. பால்மரம் சீவிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்த முதியவரின் முகம், நிறுத்திய இடத்திலிருந்து மீண்டும் பேசத் தொடங்கியது.

அண்ணன் அன்றிரவே தன் தவற்றுக்கு ஈடுசெய்தான். திட்டப்பணிக் கோப்புகளை விரலியில் ஒரு படியும், இணையச் சேமிப்பில் ஒரு படியும் எடுத்து வைத்தான். அப்பச்சைப் பொத்தானை அழுத்தியிருந்தால் அந்நால்வரின் குரல்களுக்கும் என்ன நேர்ந்திருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது. நச்சுநிரல் தாக்கிவிட்டதென ஐயம் எழுந்தால், சைபர்செக்யூரிட்டி மலேசியா நடத்தும் சைபர்999 உதவி மையத்தை நாடலாம் என்பதையும் அக்கா அவர்களிடம் சொல்லிவைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் வகுப்பறைத் திரையில் காணொலி ஓடியது. தொடக்கத்தில் 'ஜொகூர்த் தோட்டங்களின் கதை' என்னும் தலைப்பு தோன்றியது. கொம்பு முன்னே நின்றது. கால் பின்னே நின்றது. புள்ளி தலைமேல் இருந்தது. பார்த்த மாணவர்களில் எவரும் அந்த எழுத்துகளைத் தாங்கிநின்ற கோப்பை நினைக்கவில்லை. தலைப்பை எழுதியவள் மட்டும் ஒரு கணம் அதை உற்றுப் பார்த்துவிட்டு, முதியவர் பேசுவதைக் கேட்கத் திரும்பினாள்.

கருத்துணர் கேள்விகள்

1. மாணவி பச்சைப் பொத்தானை அழுத்தத் தயங்கியதற்குக் காரணம் யாது?
2. பகிர்வு நிரலகத்தைக் கோயில் அண்டாவோடு ஒப்பிட்டு, இரண்டு ஒற்றுமைகளை எழுதுக.
3. 'ஜொகூர்' என்னும் சொல்லைத் திரையில் காட்ட எழுத்துருவாக்க நிரலகம் செய்யும் பணிகளை வரிசைப்படுத்துக.
4. 2018ஆம் ஆண்டு நிகழ்வு, பகிர்தலின் அபாயத்தையும் பயனையும் எவ்வாறு காட்டுகிறது?
5. 'பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தால் பயனும் ஒன்றாகிவிடுமா?' என்னும் அப்பாவின் கூற்றை உன் வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.